நான்கு எலுமிச்சம்பழம், ஐந்து நட்சத்திரம்

ஜூலை 29, திங்கள்

சக்கர நாற்காலி வந்துவிட்டது. கூரியர்காரர் பெட்டியை வாசலில் இறக்கி ஓடிபி கேட்டார், சொன்னேன், போய்விட்டார். பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று ஆப்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். பொடி எழுத்தைப் படிப்பவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள் போல.

பிரிக்கப் போனேன். அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆடி மாசத்துல வண்டி எறக்குவாங்களா? அதும் எமகண்டத்துல?"

"அம்மா, இது நாற்காலி."

"சக்கரம் இருக்குதில்ல?"

கட்டிலில் இருந்த அப்பா அவள் பக்கம் சாய்ந்தார். முப்பது வருஷம் நாமக்கல்லுக்கும் கவுகாத்திக்கும் லாரி ஓட்டியவர். "சனிக்கெழம பதினெட்டு வருது கண்ணு. ஆடிப் பதினெட்டுக்கு எத வேணா எறக்கலாம். அஞ்சு நாளுதான."

எனக்கு ஆபீசுக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது. பெட்டியை மூலையில் நிறுத்தித் துண்டைப் போட்டு மூடினேன். திருப்பி அனுப்பக் கெடு ஏழு நாள். எதற்குத் திருப்பி அனுப்பப்போகிறோம்?

ஜூலை 30, செவ்வாய்

முட்டை விலை இன்று ஐந்து காசு ஏற்றம். என் வேலை அதைக் காலை ஏழு மணியிலிருந்து இருநூறு பேருக்குப் போனில் சொல்வது. எம்.காம் படித்தது இதற்குத்தான்.

நாற்காலியை ஏன் ஆன்லைனில் வாங்கினேன் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மெயின் ரோட்டு சர்ஜிக்கல் கடைக்காரரிடம்தான் முதலில் போனேன். விலை கேட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "வாடகைக்கும் இருக்கும்மா" என்றார். அதற்கு மேல் அங்கே என்ன நிற்பது?

ஆப் யார் செருப்பையும் பார்ப்பதில்லை. ஜூவ்ரிக்கோ என்ற பெயரில் ஒருவர் விற்கிறார். நாலே முக்கால் நட்சத்திரம். கீழே பாராட்டு மழை. எல்லாம் ஆங்கிலம், நடுவில் ஒன்று தமிழில்:

"என் அப்பாவுக்காக வாங்கினேன். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நன்றி." எழுதியவர் லோகநாதன், தருமபுரி.

ஒரு ஆண்பிள்ளை அப்பாவின் சிரிப்பைப் பற்றி நாலு பேர் பார்க்க எழுதுகிறார் என்றால் அது பொய்யாக இருக்காது. அந்த இடத்திலேயே பணம் கட்டினேன். ஒரு நாற்காலிக்குத்தான் பணம் இருந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம் இருபத்தெட்டாம் தேதி, கலெக்டர் அலுவலகத்தில். படிவம் வாங்கி வந்தேன்.

மே மாதம் அங்கே நடந்த முகாமைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். அன்று அப்பாவை அங்கமுத்து மாமாவும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அலுவலகத்துக்கென்று ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது, அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் லீவு. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "மூட்டைய அந்தப் பக்கம் எறக்குப்பா" என்றார். அப்பா வாழ்நாள் முழுக்க மூட்டை ஏற்றி இறக்கியவர். எங்கள் முறை வருவதற்குள் டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "இனி என்னத் தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரல. அட்டையும் வேண்டாம் ஒரு மசுரும் வேண்டாம்."

அட்டை இல்லாமல் உதவித்தொகை இல்லை, பஸ் பாஸ் இல்லை, செயற்கைக் காலுக்கு எழுதிப்போட வழியில்லை. தூக்கினால் அவர் வரமாட்டார். ஆகவே நாற்காலி.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப் பதினெட்டு

ஊர் முழுக்க மோகனூர்க் காவிரிக்குப் போயிருக்க, நாங்கள் பெட்டி பிரித்தோம். பிரிப்பதை வீடியோ எடுத்தால்தான் பின்னால் கேள்வி கேட்க முடியும் என்று எங்கோ படித்திருந்தேன். முதலிலிருந்து கடைசி வரை எடுத்தேன்.

அம்மா கைப்பிடி இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். உட்காரும் துணியில் மஞ்சளில் ஒரு கீற்று. பிறகு எலுமிச்சம்பழம், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. அப்பா கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினார், ஒற்றைக் காலில், யார் கையையும் பிடிக்காமல். முன்னால் ஒரு தள்ளு. நான்கு பழமும் நசுங்கின. சாறு சக்கரத்தில் வழிந்தது.

"எடது கால் போனது நல்லதாப் போச்சு" என்றார். "கிளச்சு இல்லாத வண்டி இது."

இந்த மூடத்தனத்தை எல்லாம் ஒழிக்க எத்தனை தலைமுறை ஆகுமோ.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாற்காலி உருப்படாதது.

எங்கள் லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறக்கம். அப்பா பாதி வழியில் பிரேக்கைப் போட்டார். வலது பக்கம் பிடித்தது, இடது பக்கம் பிடிக்கவில்லை. வண்டி சுற்றிக்கொண்டு போய் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் மோதியது. உள்ளங்கை தோல் உரிந்தது, நெற்றியில் வீக்கம். நான் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன்.

அங்கமுத்து மாமா வந்து பார்த்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், அப்பாவின் பழைய சேக்காளி. நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தட்டினார்.

"தகரம், மாப்ள. அச்சே கோணலா இருக்குது. இதுல நான் வெல்டிங் வெச்சா ஓட்டதான் விழுவும்." என்னைப் பார்த்தார். "எறக்கத்துல வுடறப்ப நீ எங்கிருந்த?"

"பின்னாடிதான் மாமா. ஒரு போன் வந்துச்சு."

அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆப்பில் 'திருப்பி அனுப்பு' என்பதை அழுத்தினேன். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பூங்கொத்துப் படம் வந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

எடுத்துப்போக கூரியர்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியைச் சுற்றி வந்தார்.

"இது எடுக்க முடியாதுங்க்கா."

"ஏன்?"

"பொட்டு வெச்சிருக்குது. சக்கரத்துல என்னமோ ஒட்டியிருக்குது. யூஸ் பண்ண பொருள்னு வந்துரும். போட்டோ எடுத்துப் போட்டாவே ஆப்பு வேண்டாம்னு சொல்லிரும், பாருங்க." போட்டோ எடுத்தார். ஆப் வேண்டாம் என்றது. தன் தப்பு இல்லை என்பதுபோல் திரையை என்னிடம் காட்டினார்.

"பிரேக் பிடிக்கலைங்க. அதுக்கும் பொட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"பிரேக்குக்கு இதுல கட்டம் இல்லீங்க்கா. கறை இருக்குதா இல்லையான்னுதான் கேக்குது."

வாசலில் நின்ற அவர் வண்டியின் பெட்ரோல் டேங்கில் சந்தனப் பொட்டு, ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் மிளகாய். காட்டினேன். சிரித்தார். "அதனாலதான் நான் எதையும் ரிட்டர்ன் பண்றதில்லீங்க்கா."

அம்மாவிடம் கத்தினேன். ஐந்து நாள் பெட்டியைப் பிரிக்க விடாதது, மஞ்சள், குங்குமம், நான்கு பழம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் ஈரத்துணியால் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

'மறுபரிசீலனை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெட்டி பிரித்த வீடியோவைக் கேட்டது. அனுப்பும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

நான்காவது நிமிஷத்தில் என் குரல். "அம்மா, பின்சக்கரத்துக்கு வெக்கல பாரு. இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளி வை." நன்றாகவே கேட்கிறது.

அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, சனி

பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜூவ்ரிக்கோவின் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. ஆப்பில் பேசும் இயந்திரம், "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்கிறது. விற்பனையாளரைக் காணவில்லை என்றால், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்கிறது. வேண்டாம் என்று அழுத்தினால் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறது. இந்த நாட்டில் பிச்சைக்காரர்களுக்குக் கூட இவ்வளவு கூச்சமின்மை கிடையாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் அலுவலகக் கணக்கர். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். அவருடைய மிக்சி வழக்கு மூன்று வருஷமாக நடக்கிறதாம். மிக்சி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது வேற வாங்கிட்டேனே" என்றார்.

முகாமுக்குப் பதினேழு நாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரு நட்சத்திரம் போட்டேன். அதற்குக் குறைவாகப் போட இடமில்லை. நடந்ததை எல்லாம் எழுதினேன். நசுங்கிய பழம், கோணல் அச்சு, அப்பாவின் உள்ளங்கைப் படம். 'இதை வாங்கினால் உங்கள் வீட்டில் ஒருவர் விழுவார்' என்று முடித்தேன். நன்றாக எழுதினேன் என்றே நினைக்கிறேன்.

எழுதும்போது மேலே லோகநாதன் கண்ணில் பட்டார். இந்த ஆள் எந்த நாற்காலியில் எந்த அப்பாவை உட்கார வைத்தார்? பெற்றவரின் சிரிப்பை விற்றுப் பிழைக்கிறவன் எவ்வளவு வாங்கியிருப்பான்? இப்படிப்பட்டவர்களால்தான் ஒரு ஊரே குழியில் விழுகிறது. திருடன்கூட ராத்திரியில் முகத்தை மூடிக்கொண்டு வருகிறான். இவன் பெயரும் ஊரும் போட்டுக்கொண்டு வருகிறான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அப்பா முகாம் படிவத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "நீயும் மாமாவும் புடிச்சுக்கிட்டா ரெண்டு நிமிசம், கேட்டுப் பாரேன்" என்றாள்.

கேட்டேன்.

"ரெண்டு நிமிசந்தான் போன தடவையும்" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜூவ்ரிக்கோ பேசியது. ஒரு வாரமாகச் செத்துக்கிடந்த நம்பரிலிருந்து. ஒரு பெண் குரல், என்னைவிடச் சின்னவளாக இருக்கும்.

"அக்கா, நான் சீலாவதி, கஸ்டமர் ஹேப்பினஸ்ல இருந்து பேசறேன். உங்க ரிவ்யூ பாத்தோம்க்கா. ரொம்ப ஃபீல் பண்ணோம்."

"பிரேக் இல்லாத வண்டி அனுப்பினப்ப ஃபீல் பண்ணலையா?"

"அது வேற டிபார்ட்மென்ட்க்கா." அவள் கிண்டல் செய்யவில்லை. அப்படியேதான் நம்பிச் சொன்னாள். "உங்களுக்கு முழுப் பணமும் ரீஃபண்ட் பண்ணிடறோம். ரெண்டு நாள்ல அக்கவுண்ட்ல ஏறிடும். ஒரு ஸ்டாரை மட்டும் அஞ்சா மாத்திடுங்க. போட்டோ எடுத்துருங்க. நான் வாட்சாப்ல ஒரு மெசேஜ் அனுப்பறேன், அத அப்படியே போட்டுடுங்க. சொந்தமா எழுதுனா மேல ஒத்துக்க மாட்டாங்க."

"போடலைன்னா?"

"ஃபைல் க்ளோஸ்க்கா. வீடியோல பூஜை பண்ணியிருக்கீங்கல்ல."

"நாற்காலியை எப்ப வந்து எடுப்பீங்க?"

"அது நீங்களே வெச்சுக்கோங்க. வண்டி அனுப்பி எடுக்கறது எங்களுக்குக் கட்டாது."

பதினைந்து நாள் இதைத் திருப்பி அனுப்பத்தான் அலைந்தேன். வாங்கிக்கொள்ள ஆளே இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தது. படித்தேன்.

'என் அப்பாவுக்காக வாங்கினேன். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நன்றி.'

"இதையே தருமபுரி லோகநாதனும் போட்டிருக்காரே" என்றேன்.

"யாருக்கா? தெரியலையே. மாசத்துக்கு நாப்பது ஒன் ஸ்டார் எடுக்கணும் எங்களுக்கு, பேரெல்லாம் ஞாபகம் இருக்காது." பிறகு, உதவி செய்கிற குரலில், "ஒரே மாதிரி இருக்குதேன்னு பாக்கறீங்களா? அம்மாவுக்கு வேற இருக்கு, மாமியாருக்கு வேற இருக்கு. மாத்தி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். அப்பாதான்."

"நாளைக்குள்ள போட்டுடுங்கக்கா."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முட்டை விலை மாற்றமில்லை. மத்தியானம் மழை. அம்மா ரேஷனில் பருப்பு வாங்கி வந்தாள். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

பணம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

சர்ஜிக்கல் கடைக்குப் போனேன். அதே செருப்பு. கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "ஆன்லைன்ல வாங்குனீங்களாம்மா? எல்லாரும் ஒரு சுத்து சுத்திட்டு இங்கதான் வருவாங்க." ஆப் கொடுத்த பணத்துக்கு மேல் என் வளையலும் போயிற்று. இந்த வண்டி எடை கூட. பிரேக்கை நானே கடைக்கு வெளியே இறக்கத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

வீட்டில் அப்பா அம்மாவின் கையைத் தடுத்தார். "மொதல்ல பிரேக்கப் பாக்கலாம். அப்பறம் சாமியக் கூப்புடு." இறக்கத்தில் இரண்டு தடவை ஓட்டி நிறுத்தினார். நின்றது. இரண்டு கைப்பிடியிலிருந்தும் நான் கையை எடுக்கவில்லை. போன் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு பார்த்தால் உட்காரும் பலகையின் அடிப்பக்கம், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. அம்மாவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பழைய நாற்காலி வாசலில் கிடக்கிறது. அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறோம். குடத்தையும் ஒரு பக்கமாகத்தான் தாங்குகிறது.

ஆகஸ்ட் 28, புதன்

கலெக்டர் அலுவலகத்தில் சாவிக்காரர் இன்றும் லீவு.

சாய்தளம் செங்குத்து. கட்டியவர் அதில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். அங்கமுத்து மாமா தள்ள வந்தார். அப்பா, "தள்ளி நில்றா" என்றார். தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினார். பாதியில் மூச்சு வாங்கியது. பிரேக்கைப் போட்டார். சாய்தளத்தின் நடுவில், யாரும் பிடிக்காமல், வண்டி நின்றது. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்குது பாத்தியா?"

மேலே அதே எழுத்தர். வரிசைக்குக் குறுக்கே ஒரு பெஞ்சு. அப்பா அவருக்கு நேராகப் போய் நிறுத்தினார்.

"சார், போன தடவ மூட்டையா வந்தேன். இந்தத் தடவ வண்டியோட வந்திருக்கறேன். எங்க நிறுத்தட்டும்?"

எழுத்தருக்கு ஞாபகம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எழுந்து பெஞ்சை நகர்த்தினார். பதினொன்றே காலுக்கு டாக்டர் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கையெழுத்து. வெளியே வந்து டீக்கடையில் அப்பா மூன்று வடை சாப்பிட்டார். அங்கமுத்து மாமா சர்க்கரையை நினைவுபடுத்தினார். "அது எடது காலோட போயிருச்சு" என்று சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், கடைசி வரி என்னுடையது இல்லை. அடிக்காமல் விடுகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆப்பிலிருந்து: 'வாழ்த்துகள்! உங்கள் கருத்து 31 பேருக்குப் பயனுள்ளதாக இருந்தது.'

மாற்றப் போனேன். ஒருமுறை திருத்திய கருத்தை மறுபடி திருத்த முடியாதாம். பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆப்பிலிருந்து: 'நீங்கள் வாங்கிய பொருளைப் பற்றி ஒருவர் கேட்கிறார். உதவ முடியுமா?'

கேட்டவர் சுகந்தி, தேனி. "அம்மாவுக்கு பக்கவாதம். எங்க வீடு மேட்டுல இருக்கு. பிரேக் உண்மையாவே புடிக்குமா?"

அப்பா அடுத்த அறையிலிருந்து, "யாரு கண்ணு, போன் கூவிக்கிட்டே இருக்குது?" என்றார்.

"யாரோ தேனிக்காரங்க. நம்பர் மாத்தி அனுப்பிட்டாங்க போல."

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டு நாள் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் போடவில்லை. மற்ற ஐந்து நட்சத்திரக்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? லோகநாதன் எங்கே? அவரும் இந்நேரம் தருமபுரியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பாவுக்கும் ஏதாவது முகாம் இருந்திருக்கலாம்.

காலையில் எழுதினேன்: "புடிக்காது. வாங்காதீங்க."

மத்தியானம் சுகந்தியின் பதில் வந்தது. "மேல அஞ்சு ஸ்டார் போட்டு பிரேக் கச்சிதமா புடிக்குதுன்னு எழுதியிருக்கறதும் உங்க பேர்லதான் இருக்கு. அதப் பாத்துத்தான் வாங்கலாம்னு நினைச்சேன். எது நெஜம்ங்க?"

அப்பா ரோட்டு முனை வரை தனியாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். சன்னல் வழியாகச் சக்கரச் சத்தம் கேட்டது. பதில் எழுதும் கட்டம் திறந்தே இருந்தது. கம்பெனிக்காரர்களைத் திட்டி ஒரு பத்தி எழுதி அழித்தேன். அந்தச் சீலாவதியைப் பற்றி எழுதி அழித்தேன். பிறகு, "ரெண்டையும் எழுதினது நான்தாங்க" என்று ஆரம்பித்தேன்.